கெல்லி மாளிகைச் சுவர்கள் சொல்லும் பாடம்: பழைய கட்டடத்தைக் காப்பது சுண்ணாம்பு, கெடுப்பது சிமெண்டு

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில், ராயா ஆற்றங்கரையை ஒட்டி நிற்கிறது கெல்லி மாளிகை. ஈப்போவிலிருந்து அரை மணி நேரப் பயணம். நூறாண்டுகளுக்கு முன் பாதியில் நின்றுபோன இந்த மாளிகை இன்று கட்டணம் செலுத்திப் பார்க்கும் சுற்றுலாத் தலம். வருகிறவர்கள் பலரும் பேய்க் கதைகளையும் சுரங்கப்பாதைகளையும் பற்றிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுவர்களைக் கட்டிய கைகள் யாருடையவை, அவை எப்படி இத்தனை காலம் நிற்கின்றன, இனியும் நிற்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகள் தோட்டப்புற மக்களுக்கு இன்னும் நெருக்கமானவை. காரணம், இதே முறையில் கட்டிய சுவர்கள் பேராக் முழுவதும் பழைய கோயில்களிலும் வீடுகளிலும் இருக்கின்றன. அவற்றில் பல, பழுதுபார்க்கிறோம் என்ற பெயரிலேயே கெட்டுக்கொண்டிருக்கின்றன.

மாளிகையும் மாரியம்மன் கோயிலும்

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1890இல், இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்பவரோடு சேர்ந்து காடு அழித்துச் சாலை போடும் குத்தகை வேலையில் பொருள் ஈட்டினார். பின்னர் கிந்தா மாவட்டத்தில் நிலம் வாங்கி ரப்பர் தோட்டம் போட்டார். தம் சொந்த ஊரான கெல்லாஸின் நினைவாக அதற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். ஈயச் சுரங்கத் தொழிலிலும் இறங்கினார்.

முதலில் அங்கு ஒரு வீட்டைக் கட்டிய அவர், 1915இல் அதனோடு இணைத்து ஒரு பெரிய மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், அதில் மின்தூக்கி, மொட்டை மாடியில் விருந்துக்கான முற்றம் என்று திட்டம் விரிந்தது. வளைவுகளில் மூரிஷ் பாணியும் இந்தியப் பாணியும் கலந்திருந்தன. இதற்காகச் சென்னையிலிருந்து எழுபது கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டதாகவும், செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்ததாகவும் கூறப்படுகிறது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது 1918இல் உலகெங்கும் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் இங்கும் வந்தது. தொழிலாளர்கள் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று கேட்டனர். கெல்லி ஸ்மித் சம்மதித்தார். மாளிகையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. நன்றிக்கு அடையாளமாக, கோயிலின் மேல் தெய்வ உருவங்களோடு தொப்பியும் உடுப்புமாக ஒரு வெள்ளைக்காரத் துரையின் உருவத்தையும் அவர்கள் வைத்தார்கள். இன்றும் அதைக் காணலாம்.

1926இல் போர்த்துகலின் லிஸ்பன் நகரில் கெல்லி ஸ்மித் நிமோனியாவால் இறந்தார். குடும்பம் நாடு திரும்பவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மாளிகை முடிக்கப்படாமலே நின்றது. துரையின் பெயர் மாளிகையில் இருக்கிறது. கட்டியவர்களின் பெயர்களைச் சுற்றுலாக் கையேடுகளில் காண முடியாது. அவர்கள் விட்டுப்போன சான்று அந்த வேலைப்பாடுதான். சுவர் உதிர்ந்தால் அதுவும் உதிரும்.

பழைய சுவர் எப்படி வேலை செய்கிறது

கெல்லி மாளிகை கட்டப்பட்ட காலம்தான் ஈப்போவின் பெரிய கட்டடங்கள் எழுந்த காலமும். ஆர்தர் பெனிசன் ஹப்பேக் வடிவமைத்த ஈப்போ ரயில் நிலையமும் நகர மண்டபமும் அந்தப் பத்தாண்டுகளைச் சேர்ந்தவை. போர்ட்லாண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் 1824இலேயே காப்புரிமை பெறப்பட்டது. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை செங்கல் வேலையில் சுண்ணாம்புச் சாந்தே பெரிதும் பயன்பட்டது.

சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றிய சுண்ணாம்பு ஆகும். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இதே பொருள்தான். மணலோடு கலந்து சுவரில் வைத்தபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாக மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு மாதங்கள், தடித்த சுவரில் ஆண்டுகள்கூட ஆகும்.

தமிழகத்துக் கொத்தனார்கள் இந்தச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீர், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சேர்ப்பது உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிபோல் மின்னும் சுவர்கள் இந்தக் கைவேலைதான்.

சுண்ணாம்புச் சாந்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அது செங்கல்லைவிட மென்மையானது. கட்டடம் சற்று அசைந்தாலும் வெயிலில் விரிந்தாலும் சாந்து விட்டுக்கொடுக்கும், செங்கல் உடையாது. இரண்டு, அது ஈரத்தை வெளியே விடும். மழையில் நனைந்த சுவரும், தரையிலிருந்து ஓதம் ஏறிய சுவரும், சாந்து வழியாகவும் பூச்சு வழியாகவும் உலர்ந்துவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் ஈப்போ வட்டாரத்தில் ஒரு சுவர் நூறாண்டு நிற்பதற்கு இந்த உலரும் தன்மை முக்கியமான காரணம்.

கேடு எங்கிருந்து வருகிறது

முதல் பகை தண்ணீர். உடைந்த கூரை ஓடு, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், சுவரோரம் தேங்கும் நீர் ஆகியவையே பெரும்பாலான சேதங்களின் தொடக்கம். கூரையே போடாமல் நின்றுவிட்ட கட்டடத்தில் சுவரின் உச்சிதான் மழையை நேராக வாங்குகிறது.

இரண்டாவது உப்பு. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது. நீர் ஆவியானதும் உப்பு சுவரின் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். அது பார்க்க அசிங்கமே தவிர பெரிய ஆபத்து அன்று. உப்பு செங்கல்லின் உள்ளேயே படிகமாகும்போதுதான் அதன் அழுத்தத்தில் செங்கல் மாவாக உதிர்கிறது.

மூன்றாவது செடி. பறவை எச்சத்தில் வந்த ஆல், அரசு விதைகள் சுவரின் வெடிப்பில் முளைக்கும். ஆரம்பத்தில் விரலால் பிடுங்கி எறியலாம். சில ஆண்டுகளில் அதன் வேர் செங்கல்லை நெம்பி எடுத்துவிடும்.

நான்காவது இரும்பு. கல்லுக்குள் அல்லது வளைவுக்குள் வைத்த இரும்புக் கம்பி துருப்பிடித்தால் பருத்துவிடும். சுற்றியுள்ள கல் அதனால் பிளக்கும்.

ஐந்தாவது, மனிதன் நல்லெண்ணத்தோடு செய்யும் சிமெண்டு வேலை. பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசினால் அந்த இடம் உடனே கெட்டியாகிவிடும், அழகாகவும் இருக்கும். ஆனால் உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியில்லை. அது மேலே ஏறும், அல்லது பக்கத்திலுள்ள மென்மையான செங்கல் வழியாக வெளியேறும். சந்துகளில் சிமெண்டை நிரப்பிய சுவரில் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், சிமெண்டுக் கோடுகள் மட்டும் வலைபோல் முன்னே துருத்தி நிற்கும், நடுவிலுள்ள செங்கல் குழிந்து போயிருக்கும். சாந்து போனால் மறுபடி சாந்து வைக்கலாம். அந்தக் காலத்துச் செங்கல் போனால் கிடைப்பது அரிது.

சுவரில் ஒட்டும் ஓட்டுப்பலகையும் இதே கேட்டைச் செய்யும். கோயில்களில் கழுவ வசதி என்று சுவரின் அடிப்பாகத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். சுற்றிலும் கான்கிரீட் தரை போடுகிறார்கள். தரை வழியாக ஆவியாக வேண்டிய ஈரம் சுவருக்குள் ஏறுகிறது. டைல்ஸ் தாண்டி, மூன்றடி நான்கடி உயரத்தில் வண்ணம் கொப்பளித்து உரிவதன் காரணம் இதுதான்.

பழுதுபார்க்கும் முறை

பழைய கட்டடத்தைத் தொடும் முன் படம் எடுக்க வேண்டும். நான்கு பக்கமும், ஒவ்வொரு வெடிப்பும், ஒவ்வொரு சிலையும் தேதியோடு பதிவாக வேண்டும். வெடிப்பின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தால், சில மாதங்களில் அது விரிகிறதா, நின்றுவிட்டதா என்பது தெரியும். விரியும் வெடிப்பு என்றால் அடித்தளத்தில் கோளாறு இருக்கலாம். அதற்குப் பொறியாளர் வேண்டும். பூச்சால் அதை மறைப்பது ஆபத்து.

அடுத்தது தண்ணீரை நிறுத்துவது. கனமழையின்போது கட்டடத்தைச் சுற்றி நடந்தால் எங்கே ஒழுகுகிறது, எங்கே தேங்குகிறது என்பது தெரிந்துவிடும். கூரை, மழைநீர்க் குழாய், வடிகால் மூன்றையும் சரிசெய்யாமல் சுவரில் கைவைத்தால் செலவு வீண். சுவரோரம் மண் உயர்ந்திருந்தால் அதை வெட்டித் தாழ்த்த வேண்டும். கான்கிரீட்டுக்குப் பதில் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குச் சரளைக்கல் இட்டால் மண் உலரும்.

செடிகளை இழுத்துப் பிடுங்கக்கூடாது. வேரோடு செங்கல்லும் வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, காய்ந்து சாகவிட வேண்டும். ஆழத்தில் உள்ள செத்த வேரை அப்படியே விட்டுச் சாந்தால் மூடலாம்.

உப்பு பூத்த இடத்தை நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் கரைந்து உள்ளே போகும். உலர்ந்த நிலையில் மென்மையான தூரிகையால் துடைத்துச் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும். உப்பு அதிகமானால், காகிதக் கூழையோ களிமண்ணையோ சுத்தமான நீரில் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்ததும் எடுப்பார்கள். உப்பு அந்தக் கூழுக்குள் வந்துவிடும். இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

சந்துகளில் சாந்து கரைந்திருந்தால், தளர்ந்த பகுதியை மட்டும் உளியாலும் சிறு சுத்தியாலும் எடுக்க வேண்டும். சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் வரை எடுத்தால் போதும். மின் அறுவை இயந்திரம் செங்கல்லின் விளிம்பை வெட்டிவிடும். கெட்டியாக உள்ள பழைய சாந்தைத் தொட வேண்டியதில்லை. பின்னர்த் தூசியைத் தட்டி, சுவரை நனைத்து, புதுச் சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். பொதுவான கலவை ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு கூர்மையான, உப்பில்லாத மணல். முக்கியமான கட்டடமானால் பழைய சாந்தின் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் கரைத்துப் பார்த்து, சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு, மணலின் நிறம் என்ன என்று அறிந்து அதேபோல் கலக்கலாம்.

பூச்சு வேலையிலும் அவசரம் கூடாது. ஒரு கோட்டுக்குச் சுமார் 10 மில்லிமீட்டருக்கு மேல் வைக்காமல், ஒன்று இறுகிய பின் அடுத்ததை வைக்க வேண்டும். ஈரக் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலிலிருந்தும், தார்ப்பாய் கட்டி மழையிலிருந்தும் சில வாரங்கள் காக்க வேண்டும். ஈப்போ வட்டாரத்தில் மழை மிகுந்த ஏப்ரல், மே மாதங்களையும் அக்டோபர், நவம்பர் மாதங்களையும் தவிர்ப்பது நல்லது. மேலே பூச எனாமல் சாயமும் பிளாஸ்டிக் வண்ணமும் வேண்டா. சுண்ணாம்பு வெள்ளையே சுவரை உலரவிடும்.

சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பையில் விற்கும் நீற்றிய சுண்ணாம்புத் தூளை வாங்கி நீரில் ஊறவைத்துக் களியாக்கினால் கொதிக்கும் ஆபத்து இல்லை, ஆனாலும் கண்ணையும் தோலையும் அது அரிக்கும். மூலப்பொருளுக்குப் பேராக்கில் பஞ்சமில்லை. சிம்பாங் பூலாய் சுற்றுவட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் மலைகள் அதற்கே பெயர்பெற்றவை.

கல்லும் பளிங்கும்

கருங்கல், பளிங்கு இரண்டையும் ஒரே மாதிரிக் கழுவக்கூடாது. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் அமிலத்தில் கரைபவை. கழிவறை சுத்தம் செய்யும் அமிலம் மட்டுமல்ல, எலுமிச்சையும் புளியும்கூடப் பளிங்கின் பளபளப்பைத் தின்றுவிடும். வெறும் தண்ணீர், மென்மையான தூரிகை, தேவையானால் காரமில்லாத சோப்பு போதும்.

கருங்கல் அமிலத்தைத் தாங்கும். ஆனால் மணலை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் முறை அதன் மேல்தோலையே உரித்துவிடும். தமிழகக் கோயில்களில் இந்த முறையால் கல்வெட்டு எழுத்துகளும் சிற்ப நுணுக்கங்களும் மழுங்கிப்போனது பெரும் விவாதமானது. எண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரக் கரியும் படிந்த கருங்கல்லை வெதுவெதுப்பான சோப்பு நீரால் பொறுமையாகத் துடைப்பதே பாதுகாப்பு. உடைந்த கல்லை இணைக்க இரும்புக் கம்பிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வேண்டும்.

எவ்வளவு செய்வது, எங்கே நிறுத்துவது

பழைய கட்டடங்களைப் புதிதாக்கும் ஆர்வத்துக்கு எதிராக 1877இலேயே இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் ஒரு சங்கம் தொடங்கினார். 1964இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்ற நெறியை வகுத்தது. தேவையான அளவு செய், கூடியவரை குறைவாகச் செய் என்பதே ஆஸ்திரேலியாவின் புர்ரா சாசனம் சொல்லும் வழி.

கெல்லி மாளிகைக்கு இது நேராகப் பொருந்துகிறது. அது முடிக்கப்படாத வீடு. அந்தக் குறையே அதன் வரலாறு. பூச்சில்லாத செங்கல் சுவர்களை எல்லாம் பூசி வண்ணம் அடித்தால் புது மாளிகை ஒன்று கிடைக்கும், 1926இல் நின்றுபோன வேலை கண்ணிலிருந்து மறைந்துவிடும். சுவரின் உச்சியைச் சாந்தால் மூடி நீர் இறங்காமல் தடுப்பது, தளர்ந்த செங்கல்லை இறுக்குவது, நீரை வடியவிடுவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே அதற்கு ஏற்ற சிகிச்சை.

தோட்டக் கோயில்களின் நிலை

மாளிகைக்குச் சுற்றுலாப் பயணிகள் உண்டு. தோட்டக் கோயில்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. மக்கள் ஈப்போ, பத்து காஜா, கோலாலம்பூர் என்று நகர்ந்தனர். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குப் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள்.

இத்தகைய கோயில்களுக்குப் பெரும் மாற்றம் வருவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் கும்பாபிஷேகத்தின்போது. பணம் சேர்கிறது, திருப்பணி தொடங்குகிறது. பழைய சுதை உருவங்களை உடைத்துப் புதியவை வைப்பது, பழைய சுவரை இடித்துக் கான்கிரீட் எழுப்புவது பலருக்கு இயல்பாகப் படுகிறது. பக்தியில் குறை இல்லை. ஆனால் பாட்டன்மார் கையால் பிசைந்த உருவம் ஒருமுறை உடைந்தால் மறுபடி வராது. பத்து காஜா கோயிலில் துரையின் உருவத்தைத் தேவையில்லாதது என்று யாராவது ஒரு திருப்பணியில் அகற்றியிருந்தால், மாளிகைக்கும் தொழிலாளர்க்கும் இருந்த உறவின் கண்கண்ட சான்று போயிருக்கும்.

கோயில் நிர்வாகங்கள் திருப்பணிக்கு முன் சில வேலைகளைச் செய்யலாம். ஒவ்வொரு உருவத்தையும் சுவரையும் படம் எடுத்து, யார் எப்போது கட்டியது என்று மூத்தவர்கள் சொல்வதைக் குரலாகப் பதிவு செய்யலாம். புதுக் கட்டுமானம் தவிர்க்க முடியாதது என்றால், பழைய கருவறைச் சுவரையோ ஒரு தூணையோ, பழைய செங்கல்லையோ காத்து வைக்கலாம். சிற்பிகளோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே எதை உடைக்கக் கூடாது என்று எழுதிக்கொள்ளலாம்.

சட்டத்தின் துணை

மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், அதாவது 645ஆம் சட்டம், 2006 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. இதன் கீழ் மரபுடைமை ஆணையர் ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்க முடியும். நில உரிமையாளருக்கு அறிவிப்பு தர வேண்டும், மாநில அரசையும் கலக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட தலத்தை அனுமதியின்றி இடிப்பதும் மாற்றுவதும் குற்றம். தேசிய மரபுடைமைக்கு ஓர் இடத்தைப் பொதுமக்களும் பரிந்துரைக்கலாம்.

தோட்டக் கோயில் பலவற்றின் நிலம் நிறுவனங்களின் பெயரில் இருப்பதால் இந்த வழி எளிதன்று. ஆனால் எந்த விண்ணப்பத்துக்கும் முதலில் கேட்கப்படுவது ஆதாரம்: கட்டிய காலம், பழைய படம், பழுதுபார்த்த பதிவு, அங்கே வாழ்ந்தவர்களின் வாக்குமூலம். பேச மூத்தவர்கள் இருக்கும்போதே இவற்றைத் திரட்டியாக வேண்டும். அடுத்த திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் கைப்பேசியில் அம்மனை மட்டும் படம் எடுக்காமல், சுவரின் அடியையும், வெடிப்பையும், கூரையின் உட்புறத்தையும், மேலே நிற்கும் ஒவ்வொரு உருவத்தையும் எடுத்து நிர்வாகத்திடம் கொடுத்தால், பழுதுபார்ப்பின் முதல் வேலை முடிந்துவிடும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.